களப்பு ஏன் மூச்சுமுட்டுது: வன்னி வயல் தண்ணியும் கடல் தண்ணியும்

கோடை முடியிற நேரமோ, இல்லாட்டி முதல் பெருமழை விழுந்து நாலைஞ்சு நாளைக்குப் பிறகோ, இலங்கையின்ர வடக்கில இருக்கிற எங்கட வன்னிக் களப்பில, அதாவது கடலோட ஒட்டின உப்பேரியில, மீன் செத்து மிதந்தா உடன எல்லாற்ற போனிலயும் படம் சுத்தத் தொடங்கீடும். படத்துக்குக் கீழ ரெண்டு கட்சி. ஒரு கட்சி "வயலுக்கு அடிச்ச மருந்துதான் மீனைச் சாக்காட்டினது" எண்டு சொல்லும், மற்றக் கட்சி "வெயிலுக்குத் தண்ணி சுட்டுச் செத்தது, கமக்காரனில பழி போடாதேங்கோ" எண்டு சொல்லும். ரெண்டிலயும் கொஞ்சம் சரி இருக்குது. ஆனா ரெண்டு பேரும் கேக்காமல் விடுற கேள்வி ஒண்டு இருக்குது: வயலில நிண்ட தண்ணி எந்த நாளில வரம்பைத் தாண்டி வெளிய போனது? மருந்துப் போத்தலில என்ன பேர் எழுதிக் கிடக்குது எண்டதைவிட இந்த நாள் கணக்குக் கனக்கப் பெரிசு. ஏன் எண்டு அடியிலயிருந்து பாப்பம்.

தண்ணி போற வழி

வன்னியில எது எதுக்குக் கீழ இருக்குது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. மேல காடு, காட்டுக்குக் கீழ குளம், குளக்கட்டுக்குக் கீழ வயல், வயலுக்குக் கீழ களப்பு, களப்புக்கு அங்கால ஒரு மணல் திட்டி, அதுக்கங்கால பெருங்கடல். கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்புது, பிறகு அந்தத் தண்ணி பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை வயல்களுக்குள்ளால வடிஞ்சு சுண்டிக்குளம் பக்கக் களப்பில போய் விழுது. பேராறு முத்தையன்கட்டுக்கு வந்து அங்கயிருந்து நந்திக்கடலுக்குப் போகுது. தண்ணிமுறிப்பு நாயாத்துக்கு. மேற்கால வவுனிக்குளமும் பாலியாறும், மன்னாரில கட்டுக்கரைக்குளமும் அருவியாறும், இவையள் மற்றப் பக்கக் கடலுக்கு.

இதில கவனிக்க வேண்டிய விஷயம், குளம் ஒரு நல்ல வடி, வடிகட்டி மாதிரி. காட்டிலயும் மேட்டிலயும் இருந்து அள்ளிக்கொண்டு வாற மண்ணும் சத்தும் குளத்துக்குள்ள அடைஞ்சு போகும், அதாலதான் குளத்தில தாமரையும் சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் அப்பிடிப் படருது. ஆனா பெரிய குளத்து வயல் குளத்துக்குக் கீழ இருக்குது. துருசால, அதாவது குளத்து மதகால, நல்ல தண்ணியா வெளிக்கிட்டது வயலுக்குள்ள போய், பசளையையும் மருந்தையும் கண்டு, கழிவு வாய்க்காலால வெளிய வரேக்க அதுக்கும் களப்புக்கும் நடுவில இன்னொரு குளம் இல்லை. சின்னக்குளங்கள் தொடரா இருக்கிற இடங்களில மேல் வயல் கழிவு கீழ் குளத்துக்குப் போகும், அது வேற. கடைசி வயல், அதாவது உப்புக்காத்துப் படுற அளவுக்குக் களப்போட ஒட்டின வயல், அதுக்கு வடியே கிடையாது.

அடுத்தது களப்பு. சனம் கடல் எண்டு சொன்னாலும் நந்திக்கடல் ஒரு ஆழமில்லாத பெரிய தட்டு மாதிரி, கன இடத்தில இறங்கி நடக்கலாம். வட்டுவாகல் பக்கம் அது கடலோட சேருற வாயை வருஷத்தில கனகாலம் மணல் மூடி வைச்சிருக்கும். மாரியில தண்ணி ஏறித் தானா உடைக்கும், இல்லாட்டிச் சனமும் அதிகாரிகளும் சேந்து வெட்டி விடுவினம். வாய் மூடிக் கிடக்கிற மாசங்களில உள்ள போனது உள்ளுக்கதான். பெருங்கடலுக்குள்ள ஒரு லொறி யூரியாவைக் கொட்டினாக்கூட அலை அடிச்சுக் கலைச்சுப் போடும், தட்டுக்குள்ள கொட்டினா அது அங்கயே கிடந்து வேலை செய்யும். "கரையோரக் கடல் கெட்டுப்போச்சு" எண்டு சொல்லேக்க வன்னியில முக்காவாசி நாங்கள் களப்பைப் பற்றித்தான் கதைக்கிறம் எண்டதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணத்துக் கதையை இதோட போட்டுக் குழப்பக் கூடாது. அங்க சுண்ணாம்புக்கல், தோட்டத்துப் பசளை நேர கீழ இறங்கிக் கிணத்துத் தண்ணியில நைத்திரேற்றா வருது, குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்ட எல்லையைத் தாண்டின கிணறுகள் அங்க கனக்க. வன்னியின்ர உள்பக்கம் கருங்கல் அடித்தளமும் களிமண் வயலும், அதால இஞ்ச கூடுதலா மேலால ஓடுற தண்ணிதான் பிரச்சினை. ஒரு விலக்கு இருக்குது: முல்லைத்தீவுக் கரையோர மணல் தரையில கச்சான் (நிலக்கடலை), மரக்கறி போடுற இடங்கள். மணலில போட்ட யூரியா ஒரு நல்ல மழையோட கீழ போயிடும், போய் நிலத்தடித் தண்ணியோட சேந்து ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் கரைக்குக் கீழால கடலுக்குள்ள ஊறும்.

"மருந்து" எண்ட ஒரு சொல்லுக்குள்ள மூண்டு சாமான்

எங்கட ஆக்கள் எல்லாத்தையும் மருந்து எண்டுதான் சொல்லுவினம். களப்புக்கு என்ன நடக்குது எண்டு விளங்க வேணும் எண்டா இதைப் பிரிக்க வேணும்.

1. பசளை. யூரியா நைதரசன் தாறது. ரிஎஸ்பி பொசுபரசு தாறது. எம்ஓபி பொற்றாசியம் தாறது. இதில பொற்றாசியத்தைக் களப்பு விஷயத்தில மறந்திடலாம், கடல் தண்ணியில அது ஏற்கனவே தாராளமா இருக்குது. நைதரசனும் பொசுபரசும்தான் ஆள். இவை நஞ்சில்லை, பாசிக்குச் சாப்பாடு. பிரச்சினையே சாப்பாடா இருக்கிறதுதான்.

2. களைநாசினி. களையைக் கொல்லுறது. விதைக்க முன்னம் வரம்புக்கும் தரிசுக்கும் அடிக்கிற கிளைபொசேற்று, விதைச்சாப் பிறகு அடிக்கிற பிரெற்றிலாக்குளோர், எம்சிபிஏ, பிஸ்பைரிபாக் மாதிரியானது.

3. பூச்சிநாசினி. கபிலத் தத்தி, மடிச்சுக்கட்டி, தண்டுதுளைப்பான், முட்டிப்பூச்சிக்கு அடிக்கிறது.

பூஞ்சைக்கு அடிக்கிறதும் இருக்குது, நெல்லில அளவு குறைவு எண்டபடியா இதில விடுறன்.

ஒரு பேக் யூரியாவின்ர கணக்கு

50 கிலோ யூரியாப் பேக் ஒண்டில 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நெற்பயிர் எடுக்கிறது அதில மூண்டில ஒரு பங்கு, நல்லாப் பாத்துப் போட்டா 40 வீதம் மட்டில, அதுக்கு மேல போறது கஷ்டம். மிச்சம் எங்க? ஒரு பங்கு வெயிலுக்கு அமோனியாவா ஆவியாப் போகுது. ஒரு பங்கு சேத்துக்குள்ள கிருமிகள் தின்னத் திரும்ப வெறும் நைதரசன் வாயுவாகி ஆகாயத்துக்குப் போகுது, அதால களப்புக்குக் கெடுதியில்லை. ஒரு பங்கு மண்ணோட தங்குது. மிச்சம் தண்ணியோட போகுது. இந்தக் கடைசிப் பங்கு எவ்வளவு எண்டது நிலையான கணக்கில்லை, பசளை எறிஞ்சு பத்து நாள் தண்ணி வெளிய போகாட்டி மிகக் குறைவு, எறிஞ்ச அண்டைக்கு இரவு மழை கொட்டி வரம்பு மேவினா மிகக் கூட.

சரி, ஒரு பேக்கில 2 கிலோ நைதரசன் மட்டும் களப்புக்குப் போச்சு எண்டு வைப்பம். 23 இல 2, சின்னக் கணக்குத்தானே. தண்ணியில மிதக்கிற நுண்பாசி தன்ர உடம்பைக் கட்டுறது ஒரு கிட்டத்தட்ட நிலையான விகிதத்தில: 1 பொசுபரசு அணுவுக்கு 16 நைதரசன், 106 காபன். இதைக் கிலோவுக்கு மாத்தினா 1 கிலோ நைதரசனைத் தின்னிற பாசி ஐஞ்சரைக் கிலோவுக்கு மேல காபனை உடம்பில சேக்கும். அந்தப் பாசி செத்து அழுகேக்க அதை எரிச்சு முடிக்க 15 கிலோ ஒட்சிசன் வேணும், 2 கிலோவுக்கு 30 கிலோ. சூடான களப்புத் தண்ணி ஒரு கன மீற்றருக்கு 6 கிராம் ஒட்சிசன் மட்டில தான் பிடிச்சு வைக்கும். 30 கிலோவை 6 கிராமால பிரிச்சா 5,000 கன மீற்றர். ஒரு மீற்றர் ஆழக் களப்பில அது ஒண்டேகால் ஏக்கர் பரப்பு.

ஒரு பேக்கிலயிருந்து தப்பின 2 கிலோவுக்கு ஒண்டேகால் ஏக்கர் களப்பின்ர முழு மூச்சு! உண்மையில அப்பிடியே முழுக்கத் தீந்து போகாது, காத்தாலயும் பகலில பாசி விடுறதாலயும் ஒட்சிசன் திரும்ப ஏறிக்கொண்டிருக்கும், எல்லாப் பாசியும் ஒரே நாளில சாகிறதும் இல்லை. ஆனா அளவு விளங்குதுதானே. இப்ப ஒரு போகத்துக்கு ஒரு ஏக்கருக்கு எத்தினை பேக், ஒரு குளத்துக்குக் கீழ எத்தினை ஆயிரம் ஏக்கர் எண்டு பெருக்கிப் பாருங்கோ.

பொசுபரசு வேற மாதிரி. அது தண்ணியில கரைஞ்சு ஓடுறதைவிட மண் துகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போறது. அதால கலங்கல் தண்ணி போற நாள்தான் அது போற நாள். உழுது மட்டப்படுத்தின உடன தண்ணியைத் திறந்து விடுறது, கோப்பித் தண்ணி மாதிரி வாய்க்காலால போகுமே, அதில கனக்கப் போகுது. பொதுவா குளத்து நல்ல தண்ணியில பாசியைக் கட்டுப்படுத்துறது பொசுபரசு, கடல் தண்ணியில நைதரசன். களப்பு ரெண்டும் கலந்த இடம் எண்டபடியா மாரியில ஒண்டு, கோடையில மற்றது எண்டு மாறி மாறி நடக்கும்.

விடியக்காலை நாலு மணிக்கு நடக்கிறது

பகலில பாசி பச்சையா வெயிலைத் தின்னுது, ஒட்சிசனை விடுது. மத்தியானம் போய்க் கருவியைப் போட்டு அளந்தா ஒட்சிசன் தாராளமா இருக்குது, அதிகாரி ஒராள் வந்து "தண்ணி நல்லா இருக்குது" எண்டு எழுதிக்கொண்டு போகலாம், பொய்யும் இல்லை. பொழுதுபட்ட உடன கதை மாறுது. வெயில் இல்லை, பாசியும் மூச்சு விட ஒட்சிசனை எடுக்குது, மீனும் எடுக்குது, அடிச் சேத்தில அழுகிறதும் எடுக்குது, குடுக்கிறதுக்கு ஒராளும் இல்லை. இரவு முழுக்கக் குறைஞ்சு குறைஞ்சு விடியப்பறம்தான் ஆகக் கீழ வரும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ போனா கன மீன் தாங்காது. காத்தும் இல்லாத புழுக்கமான இரவு எண்டா இன்னும் மோசம்.

அந்த நேரத்தில களப்புக் கரையில நிண்டால் தெரியும். மணலையும் திரளியும் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து தண்ணி மேற்பரப்பைக் குடிக்கும், சின்னச் சின்ன வட்டம் வட்டமாத் தண்ணி அசையும். நண்டு கரைக்கு ஏறிச் செடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். வீச்சுவலையோட போறவருக்கு அண்டைக்கு நல்ல பாடு, அதாவது நல்ல மீன்பிடி, மாதிரி இருக்கும், அது பாடில்லை, மூச்சுமுட்டி ஏறினது.

இதோட இன்னும் ரெண்டு விஷயம் சேருது.

1. அமோனியா. பாசி பகலில காபனீரொட்சைட்டை இழுக்கிறதால தண்ணியின்ர காரத்தன்மை ஏறும். அதை அளக்கிற பிஎச் அளவு 8 இல நிக்கேக்க, 30 பாகை சூட்டில, தண்ணியில இருக்கிற அமோனியத்தில நூறில ஏழெட்டுப் பங்குதான் மீனைத் தாக்கிற அமோனியா வடிவத்தில இருக்கும், பிஎச் 9 க்கு ஏறினா கிட்டத்தட்டப் பாதி அந்த வடிவத்துக்கு மாறீடும். களப்பு உப்பில இது கொஞ்சம் குறைவு, ஆனா போக்கு அதுதான். புதுசாப் பசளை ஒண்டும் வராமலே ஒரு வெயில் பின்னேரத்தில தண்ணி நஞ்சாகலாம் எண்டது இதாலதான்.

2. அடுக்குத் தண்ணி. மழைத் தண்ணி உப்புத் தண்ணியைவிட இலகு, மேல மிதக்கும். அடித் தண்ணிக்குக் காத்துத் தொடர்பு அறுந்து போகும், அங்க இருக்கிற ஒட்சிசன் முடிஞ்சாப் பிறகு கடல் தண்ணியில இருக்கிற சல்பேற்றைக் கிருமிகள் எடுத்து ஐதரசன் சல்பைட்டா மாத்தும். சேறு கறுக்கிறதும் கூழ்முட்டை மணமும் அதுதான். பிறகு ஒரு நாள் காத்து மாறி அடிச்சு அடியை மேல கொண்டு வந்தா ஒரே இரவில மீன் சாகும், சனம் நேற்று ஆரோ மருந்து கொட்டிப்போட்டாங்கள் எண்டு நினைக்கும்.

வெயில் கட்சிக்கும் இதில ஒரு இடம் இருக்குது. சூடு ஏற ஏறத் தண்ணி பிடிக்கிற ஒட்சிசன் குறையும், அழுகல் வேகமாகும், களப்பு வத்த வத்த உப்பும் ஏறும். பசளை ஒரு துளி போகாத களப்பிலயும் கோடையில மீன் சாகலாம். ஆனா பாசி கூடின களப்பு அதே வெயிலுக்கு முந்தி விழும்.

பூச்சிக்கு அடிச்சது இறாலுக்கு ஏன் படுது

எனக்கு இதில கூடக் கவலை இந்தப் பகுதிதான், படம் எடுத்துப் போட ஒண்டும் இல்லாதபடியா ஒராளும் கதைக்கிறதில்லை.

இறால், நண்டு, கூனி எல்லாம் பூச்சியின்ர சொந்தக்காரர். ரெண்டுக்கும் வெளிய கோது, ரெண்டும் கோது கழட்டி வளருறது, நரம்பு வேலை செய்யிற விதமும் கிட்டத்தட்ட ஒண்டு. கபிலத் தத்தியின்ர நரம்பை அடிக்கிற மருந்துக்கு இது தத்தி, இது இறால் எண்டு தெரியாது. பூச்சியின்ர கோது கட்டுறதைக் குழப்புற மருந்துகளும் இருக்குது, புப்றோபெசின் மாதிரி. அந்த வகைகள் கோது மாத்திற நேரத்தில இறால் குஞ்சுக்கும் ஆபத்தாகலாம். மீன் தாங்குற அளவில இறால் தாங்காத மருந்துகள் கன இருக்குது.

இப்ப இறாலின்ர வாழ்க்கையைப் பாருங்கோ. தாய் இறால் பெருங்கடலில முட்டை இடும், குஞ்சு ரெண்டு மூண்டு கிழமை கடலில மிதந்து, விரல் நகத்தளவு வந்தாப் பிறகு வாய் திறந்திருக்கிற நேரம் பாத்துக் களப்புக்குள்ள வரும், கண்டலுக்கையும் சாதாழை எண்ட கடற்புல்லுக்கையும் ஒளிச்சு வளந்து பிறகு கடலுக்குத் திரும்பும். களப்பு வாய் திறக்கிறது எப்ப? மாரி மழையோட, கார்த்திகை மார்கழியில. காலபோகத்தில, அதாவது மாரி மழைக்கு விதைக்கிற போகத்தில, பூச்சி வந்து மருந்தடிக்கிறதும் ரெண்டாம் மூண்டாம் யூரியா எறியிறதும் எப்ப? அதே மாசங்களில. வயல் மேவி ஓடுறது எப்ப? அதுவும் அப்பத்தான். குஞ்சு உள்ள வாற நேரத்தில எதிர்ப்பக்கத்தால மருந்துத் தண்ணி வருது. செத்தாலும் மிதக்காது, தெரியாது, நகத்தளவு சாமான். நாலு மாசம் கழிச்சு இறால் பாடு குறையேக்க "இந்த வருஷம் இறால் இல்லை" எண்டு சொல்லிப்போட்டு விடுவம்.

களைநாசினிக்கு வருவம். கிளைபொசேற்று மண்ணோட இறுக்கமா ஒட்டிக்கொள்ளும், ஆனா அதோட கலந்து வாற சவர்க்காரம் மாதிரியான ஒட்டுப்பொருள் இருக்கே, தவளைக்கும் மீன் குஞ்சுக்கும் கிளைபொசேற்றைவிட அதுதான் கூடக் கெடுதல் எண்டு பரிசோதனைகளில தெரிஞ்சிருக்குது. இலங்கையில 2015 இல இதைத் தடை செய்து, 2018 இல தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டு, 2022 இல தடையை எடுத்தது. நெல்லுக்குள்ள அடிக்கிற களைநாசினிகள் செடி வகைக்குத்தான் எதிரி, அதால அவை போற இடத்தில படுறது சாதாழையும் நுண்பாசியும். மன்னார்ப் பக்கம் சாதாழைத் தரைதான் கடற்பசு மேயிற இடம். அங்க ஏற்கனவே கலங்கல் தண்ணி வெளிச்சத்தை மறைக்குது.

ரெண்டு போகம், ரெண்டு விதம்

காலபோகத்தில போறது கனக்க, ஆனா தண்ணியும் கனக்க. வாய் திறந்திருக்குது, வெள்ளம் எல்லாத்தையும் கடலுக்குத் தள்ளுது. 2018 மார்கழியில இரணைமடு வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில கிடந்ததே, அப்பிடியான தண்ணி களப்பைக் கழுவியே விடும், அடுத்த சில மாசம் களப்பு நல்லா இருக்கிறதும் உண்டு.

கோடைப் போகமான சிறுபோகத்தில போறது கொஞ்சம். குளத்துத் தண்ணியை அளந்துதான் விடினம். ஆனா வற்றாப்பளைப் பொங்கல் வாற வைகாசி மாசத்தில களப்பைப் பாருங்கோ, வாய் மூடி, தண்ணி பின்வாங்கி, கரையில உப்புப் படிஞ்சு கிடக்கும். அந்தத் தட்டுக்குள்ள வாய்க்காலால ஊறுற கொஞ்சத் தண்ணிக்கு வெளிய போக வழியில்லை, தண்ணி மட்டும் ஆவியாகும், அதில வந்தது மிஞ்சும். சித்திரையில போட்ட பசளை ஆவணியில வேலை செய்யிறது இப்பிடித்தான். "மழையே இல்லை, வயல் தண்ணி எப்பிடி வந்தது" எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி இதுதான்.

2021 இல பசளையே இல்லை, ஏன் களப்பு அடுத்த நாளே தெளியேல்லை?

2021 சித்திரை, வைகாசியில அரசாங்கம் இரசாயனப் பசளை, களைநாசினி, பூச்சிநாசினி இறக்குமதியை நிப்பாட்டி, கார்த்திகையில திருப்பி விட்டது. அந்தக் காலத்தை வைச்சு ரெண்டு பக்கமும் வாதாடினம், அதால ரெண்டு விஷயம் சொல்ல வேணும்.

களப்புச் சேத்துக்குள்ள வருஷக்கணக்காச் சேந்த பொசுபரசு இருக்குது. ஒட்சிசன் இல்லாத நேரம் சேறு அதைத் திரும்பத் தண்ணிக்குள்ள விடும். கடன் மாதிரி, புதுசா வாங்காட்டியும் பழசுக்கு வட்டி ஓடும். ஒரு போகம் நிப்பாட்டினா வித்தியாசம் தெரியாமல் போறது அதிசயமில்லை.

மற்றது, மாட்டெருவிலயும் கோழியெருவிலயும் இருக்கிறதும் நைதரசனும் பொசுபரசும்தான். பாசி "இது யூரியாவில வந்ததோ மாட்டில வந்ததோ" எண்டு கேட்டுத் தின்னிறதில்லை. இயற்கைப் பசளை எண்டு சொல்லிக் கோழியெருவை லோட் லோட்டா வாய்க்கால் கரையில குவிச்சு மழைக்கு விட்டா யூரியாவைவிட மோசமான வேலை நடக்கும், அழுகலும் சேந்து போறபடியா.

மீனைத் தின்னலாமோ

இதுதான் எல்லாரும் முதல் கேக்கிறது, சுருக்கமாச் சொல்லுறன். மிதந்த மீனைத் தொடாதேங்கோ, விக்கவும் வேண்டாம், ஏன் செத்தது எண்டு தெரியாத மீன். உயிரோட பிடிச்ச மீன் வேற. 1998 இல இஞ்ச தடை செய்த எண்டோசல்பான் மாதிரிப் பழைய மருந்துகள்தான் மீன் கொழுப்புக்குள்ள சேந்து சேந்து ஏறுற ரகம், இப்பத்தைய மருந்துகளில கூடுதலானது அப்பிடிச் சேராமல் உடைஞ்சு போறது. களப்பால எங்களுக்கு வாற பெரிய நட்டம் சாப்பாட்டுக் கோப்பையில இல்லை, வலையில.

என்ன செய்யலாம், எது உண்மையில வேலை செய்யும்

"மருந்தை நிப்பாட்டு" எண்டு சொல்லுறது சுகம். குத்தகை வயலில கடனுக்கு விதைச்சவருக்குத் தத்தி விழுந்தா அடிக்காமல் இருக்க ஏலாது. அதால அடிச்ச சாமானை வயலுக்குள்ள வைச்சிருக்கிறதுதான் முதல் வேலை.

1. தண்ணியை மறிச்சு வைக்கிறது. மருந்தோ யூரியாவோ போட்டா ஒரு கிழமைக்கு வக்கடையை, அதாவது வரம்பில தண்ணி விடுற வெட்டை, திறக்காமல் விடுங்கோ. வெயிலும் மண்ணும் கிருமியும் சேந்து கனத்தை உடைச்சுப் போடும், பயிரும் தன்ர பங்கை எடுக்கும். இது சும்மா சொல்லுற கதையில்லை. அமெரிக்காவில கலிபோர்னியா நெல் வயல்களில 1980களின்ர தொடக்கத்தில மொலினேட் எண்ட களைநாசினியால வாய்க்கால் மீன் செத்து, தயோபென்கார்ப் எண்டதால சக்கிரமென்ரோ நகரத்துக் குடிதண்ணி கைச்சுது. அவங்கள் மருந்தை உடன தடை செய்யேல்லை, அடிச்சாப் பிறகு வயல் தண்ணியை இத்தினை நாள் வெளிய விடக் கூடாது எண்டு சட்டமாக்கி, அந்த நாள் கணக்கைப் படிப்படியாக் கூட்டிக் கிட்டத்தட்ட ஒரு மாசம் வரைக்கும் கொண்டுவந்தாங்கள். ஆத்தில இருந்த மருந்து அளவு பத்தில ஒரு பங்குக்குக் கீழ விழுந்தது. நெல் வயல், வரம்பு, வக்கடை, எல்லாம் எங்களிட்டயும் இருக்கிற சாமான்தான். ஆனா அவங்களுக்கு வெயில் காலத்தில நெல், எங்களுக்குக் காலபோகம் அடைமழைக்குள்ள, அதால எங்களுக்கு ஒரு மாசம் நடக்காது. வரம்பை ஒரு சாண் உயத்திக் கட்டினா ஒரு கிழமை நடக்கும்.

2. வானிலை பாத்து எறியிறது. தாழமுக்கம் வருது எண்டு நாலு நாளைக்கு முந்தியே போனில வருது. அதைப் பாத்தும் "பசளை வந்திட்டுது, ஆள் பிடிச்சிட்டன்" எண்டு எறிஞ்சா அது காசைக் களப்பில எறியிறதுதான். இதில கமக்காரரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. பசளை பிந்தி வந்தா வந்த அண்டைக்கே எறியத்தான் பாப்பினம், ஆக மழை கூடின கிழமையில எல்லா வயலிலயும் ஒரே நேரம் யூரியா விழும். பசளை எப்ப வந்து சேருது எண்டதும் களப்புப் பிரச்சினைதான்.

3. யூரியாவைப் பிரிச்சுப் போடுறது, இலைப் பச்சையை ஒப்பிட்டுப் பாக்கிற இலை நிற அட்டையை வைச்சுப் பாத்துப் போடுறது. இலை கடும்பச்சையா இருக்கேக்க அடுத்த வயல்காரன் எறிஞ்சான் எண்டு நானும் எறியிறது பயிருக்கும் கெடுதல், கபிலத் தத்திக்கு விருந்து. பிறகு அந்தத் தத்திக்கு மருந்து. ஒண்டு ஒண்டைக் கூப்பிடுது.

4. மருந்து மிசின் கழுவுறது. 16 லீற்றர் மிசினின்ர அடியில மிஞ்சின கொஞ்சத்தோட வாய்க்காலில இறங்கி, மூடியைக் கழட்டி மூண்டு தரம் அலசி ஊத்திப்போட்டு, மருந்துப் போத்தலையும் அந்தத் தண்ணியிலயே விட்டிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு போறதை எந்த வயல்வெளியிலயும் பாக்கலாம். வயலுக்குள்ள அடிச்சது மண்ணில பட்டு வடிஞ்சு போகும், இது ஒரு தடையும் இல்லாமல் நேரடியாப் போகுது. அலசின தண்ணியை வயலுக்குள்ளயே அடிச்சு முடிக்க ஐஞ்சு நிமிசம் காணும், செலவு சதமும் இல்லை.

5. வாய்க்காலில இருக்கிற பன் புல்லும் கோரையும். துப்பரவு எண்டு சொல்லி மிசினை விட்டுக் கழிவு வாய்க்காலை வழிச்செடுத்து மொட்டையா விட்டா வடிவாத்தான் இருக்கும், தண்ணியும் விறுவிறு எண்டு ஓடும், ஓடுறதுதான் பிரச்சினை. களப்புக்குக் கிட்டக் கடைசிக் கொஞ்சத் தூரத்துக்குப் பன்னும் கோரையும் நிண்டா மண் அங்க படியும், பொசுபரசும் அதோட படியும், நைதரசனைக் கிருமிகள் வாயுவாக்கும். கண்டல் நிண்டா இன்னும் நல்லது. மேல் வயலுக்குத் தண்ணி தேங்காமல் பாக்கவும் வேணும், அதால எந்தத் துண்டை வழிக்கிறது, எந்தத் துண்டை விடுறது எண்டு கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே கூட்டத்தில இருந்து கதைக்க வேணும். இப்ப ரெண்டும் வேற வேற திணைக்களத்துக்குக் கீழ, வேற வேற நாளில, வேற வேற மண்டபத்தில கூடுது. கன வீட்டில தமையன் வயல், தம்பி வள்ளம், சோறு ஒரு பானையில!

மீன் மிதந்தா முதல் பாக்க வேண்டியது

படம் எடுக்க முதல் இதுகளைக் கவனியுங்கோ, பிறகு வாற ஆய்வுக்காரருக்கு இதுதான் உதவும்.

1. எந்த அளவு மீன்? பெரிய மீன் முந்திச் செத்து, குஞ்சு தப்பி நிண்டா கூடுதலா ஒட்சிசன் குறைவு. குஞ்சும் இறாலும் முந்திச் செத்து, பெரிசு சுழண்டு சுழண்டு நீந்தினா நஞ்சைச் சந்தேகப்படலாம்.

2. எந்த நேரம் தொடங்கினது? விடியப்பறம் எண்டா ஒட்சிசன். பட்டப்பகலில, நல்ல வெயிலில சாகத் தொடங்கினா வேற காரணம் தேட வேணும்.

3. தண்ணி நிறம், மணம். பச்சையா, கபிலமா, கூழ்முட்டை மணமா.

4. எங்க தொடங்கினது? ஒரு வாய்க்கால் விழுற இடத்திலயிருந்து பரவினதோ, களப்பு முழுக்க ஒரே நேரமோ.

5. கடைசிப் பத்து நாளில மழை, வாய் வெட்டினது, பக்கத்து வயலில மருந்தடிச்சது.

தண்ணி எடுக்கிறது எண்டா நல்லாக் கழுவின கண்ணாடிப் போத்தலில, கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சு, வெயில் படாமல் அனுப்ப வேணும், சோடாப் பிளாஸ்ரிக் போத்தலில எடுத்து மோட்டச்சைக்கிளில கட்டி ஒரு நாள் திரிஞ்சாப் பிறகு நாராவுக்கு (நீர்வாழ் வள ஆய்வு நிறுவனம்) குடுத்தா அதில மருந்து தேடிப் பிரியோசனம் இல்லை. மீனும் அப்பிடித்தான், இப்பத்தான் சாகிற மீனை எடுக்க வேணும், ஊதினதை இல்லை. ஒட்சிசனைச் சும்மா போத்தலில கொண்டுபோய் அளக்க ஏலாது, அந்த இடத்திலயே கருவியால பாக்க வேணும், அதுவும் வெயில் ஏற முதல். போத்தலில இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கோ. அதே இடத்தில விடிய ஐஞ்சு மணிக்கு ஒண்டு, பகல் ரெண்டு மணிக்கு ஒண்டு எண்டு ரெண்டு போத்தல் எடுங்கோ.